மனமாறப் பாராட்டுகிறேன்

அம்மா தன் நாவலைப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்து அன்றோடு நாற்பத்தொரு நாள். எண்ணியது நான் இல்லை, அப்பா. தினமும் வாயில் பேஸ்ட் நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கு முப்பத்தஞ்சு", "இன்னைக்கு முப்பத்தாறு" என்று அறிவிப்பார். அம்மா காதில் விழாத மாதிரி இருப்பாள். ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்குச் சரியாக வாசல் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

இந்தத் தொடருக்குள் இந்த வாரம்தான் புதிதாக வருகிறீர்கள் என்றால், உங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா முப்பத்துநான்கு வருஷம் அந்தப் பதிப்பகத்தில் அடுத்தவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுத்தவள். சிவப்பு மையைப் பார்த்தால் எழுதியவர்களின் முகம் சுண்டிப்போகிறது என்று பச்சைப் பேனா வைத்திருந்தாள். அதனால் ஆபீஸில் அவள் பெயரே ‘பச்சை மை’ ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற மறுநாள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் சொந்தமாக ஒரு நாவல் எழுதி முடித்தாள். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கும் ஒரு பெண்ணின் கதை. ‘எட்டாவது மாடி’ என்று பெயர். நான் படித்துவிட்டு அழுதேன். அப்பா படித்துவிட்டு, எங்கே லிஃப்டில் ஏறினாலும் இயக்குகிறவருக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

அன்று சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு உறை வந்தது.

"தடியா இருக்கே," என்றார் அப்பா. "திருப்பி அனுப்பிட்டாங்களோ?"

"அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அம்மா உறையைக் கத்திரிக்கோலால் நேராக வெட்டினாள். உள்ளே அவளுடைய நாவல்தான் இருந்தது. அதன் மேல் ஒரு பக்கக் குறிப்பு. பதிப்பகம் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லி அபிப்பிராயம் வாங்குமே, அது. கீழே பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. நான் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

"நூலாசிரியரின் இம்முயற்ச்சியை மனமாறப் பாராட்டுகிறேன். எனினும் இந்நாவலின் நடை, நம் மூத்த எழுத்தாளர் ஒருவரின் நடையை வரிக்கு வரி நகல் எடுத்ததாக உள்ளது. சொந்தக் குரல் இல்லாத எழுத்தை அச்சேற்றுவது பதிப்பகத்தின் பெயருக்கு இழுக்கு. இதை யாராவது அவருக்கு எடுத்துச் சொன்னால் நலம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூத்த எழுத்தாளர் யார் என்று கேட்கவே வேண்டாம். என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். பன்னிரண்டு நாவல், இரண்டு விருது, கண்ணாடி அலமாரி நிறைய கேடயம்.

அந்தப் பன்னிரண்டு நாவலும் அம்மாவின் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போயின. முதல் நாவலில் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள். மூன்றாவதில் வாக்கியங்களை உடைத்து எழுதினாள். ஐந்தாவதிலிருந்து முடிவையே அவள்தான் எழுதினாள். "என்ன நடை, என்ன நடை!" என்று ஊரே கொண்டாடியதே, அந்த நடை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், குழம்புக் கறைக்குப் பக்கத்தில் பிறந்தது. மாமா முன்னுரையில் அச்சகத்தாருக்கு நன்றி சொல்வார். அட்டை வரைந்தவருக்குச் சொல்வார். ஒரு தடவை அவர் வீட்டுப் பூனைக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறார், இரவெல்லாம் துணையிருந்ததற்காக. இருபத்துநான்கு வருஷத்தில் அம்மாவுக்கு ஒரு வரி கிடையாது.

இப்போது அவளுடைய நடையை அவளே திருடிவிட்டாளாம்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

"விடும்மா," என்றார் அப்பா. "யாரோ விவரம் தெரியாம எழுதியிருக்காங்க."

பழக்கதோஷம், அம்மாவின் கை தானாகப் பச்சைப் பேனாவை எடுத்திருந்தது. முதல் வரியில் ஒரு ‘ச்’சை அடித்தாள். ஒரு ‘ற’வைச் சுற்றி வட்டம் போட்டாள். அங்கேயே பேனா நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"முயற்ச்சி. மனமாற. ரெண்டும் ஒரே வரியில."

"அதுல என்ன? நிறைய பேரு இப்படித்தான் எழுதுறாங்க."

"ஒருத்தர் இதைத் தப்பா எழுதுவாங்க. இன்னொருத்தர் அதைத் தப்பா எழுதுவாங்க. ‘முயற்ச்சியை மனமாறப் பாராட்டுகிறேன்’னு ரெண்டையும் கட்டி ஒரே வரியில எழுதுறது ஒரே ஒரு கைதான். புதுசா எழுத வர்றவங்களுக்கு அவன் எத்தனை முன்னுரை எழுதிக் குடுத்திருக்கான்! எல்லாத்துலயும் முதல் வரி இதுதான். ஒவ்வொரு தடவையும் இந்த ‘ச்’சை எடுத்ததும் நான், ‘ற’வை ‘ர’ ஆக்கினதும் நான்."

அப்பாவின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. "மச்சானா? சேச்சே! மச்சான் அப்படியெல்லாம் செய்வாரா?"

அம்மா பேனாவை மூடினாள். முகத்தில் ஈயாடவில்லை. "இருக்கட்டும்," என்றாள்.

எனக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே ஆகாது. அச்சுக்குப் போகும் தாளில் ஒரு சொல்லை அடித்துவிட்டு, பிறகு அது சரிதான் என்று தோன்றினால், அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார்கள். இருக்கிறபடியே அச்சாகட்டும் என்று அர்த்தம். அம்மா அதை ஆபீஸிலிருந்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். விருது விழாவில் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்களா? இருக்கட்டும். மேடையில் மாமா "என் தங்கை வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்" என்று அறிமுகம் செய்தாரா? அதுவும் இருக்கட்டும்.

"இருக்கக் கூடாதும்மா!" என்று கத்திவிட்டேன். "எந்திரி. செருப்பைப் போடு."

*

பதிப்பகத்தில் அம்மாவின் பழைய நாற்காலியில் பிரிண்டரை வைத்திருந்தார்கள். அவள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சின்ன முதலாளி எழுந்து நின்றார். அவருடைய அப்பா காலத்தில் அரை டிராயரோடு அம்மாவின் மேஜைக்கடியில் ஒளிந்து விளையாடியவர். இப்போது அவர்தான் எல்லாம்.

"வாங்கம்மா, வாங்க! சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே."

"குறிப்பு வந்துச்சு தம்பி. எழுதினது யாரு?"

"அது... எழுதினவங்க பேரை வெளிய சொல்றது நம்ம வழக்கம் இல்லையேம்மா."

"வழக்கம் எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தை எழுதி வச்சதே நான்தான். அதே தாள்ல, பிழை பார்க்காம எதுவும் இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகக் கூடாதுன்னும் எழுதியிருந்தேன். இதை ஏன் பார்க்காம அனுப்பினீங்க?"

"அவரு எழுதினதுல கை வைக்க இங்க யாருக்கும்மா தைரியம்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவரு," என்றாள் அம்மா.

சின்ன முதலாளி அசடு வழிந்தார். "உங்க கூடப்பிறந்தவராச்சே, படிச்சா சந்தோஷப்படுவாருன்னு நினைச்சுத்தான் குடுத்தேன். இப்படி எழுதித் தருவாருன்னு நான் கனவா கண்டேன்?"

"அவரு சொன்னா உங்களுக்கு வேதவாக்கா?" என்றேன் நான். "நீங்க படிச்சீங்களா இல்லையா?"

அவர் குனிந்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து அம்மா முன்னால் வைத்தாரே, அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்வது!

"உண்மையில நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். அண்ணனோட பதிமூணாவது நாவல். ஆறு மாசமா இங்கயே கிடக்கு. மூணு பேரு திருத்திப் பார்த்துட்டாங்க. என்னமோ தெரியல, பழைய மாதிரி வர மாட்டேங்குது. நீங்க ஒரே ஒரு தடவை பச்சை மை போட்டுக் குடுத்தா போதும். இது முடியட்டும், அப்புறம் உங்க நாவலைப் பத்தி நிதானமாப் பேசலாம்."

அம்மா முதல் பக்கத்தைப் படித்தாள். "பழைய மாதிரி வரலையா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஏன் வரலைன்னு உங்களுக்கு ஒருநாளும் தோணலையா தம்பி?"

அவர் திருதிருவென்று விழித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

"அவருக்கு எப்படித் தோணும்மா? அவரு புரூஃபைப் பார்த்தாரா என்ன? பன்னிரண்டு நாவலோட புரூஃபும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு சார். ஒவ்வொரு பக்கமும் எங்கம்மா கையெழுத்து. வேணும்னா கொண்டுவந்து உங்க மேஜைல கொட்டுறேன். அப்ப தெரியும் யாரு யாரைக் காப்பி அடிச்சாங்கன்னு!"

அது உண்மைதான். திருத்தம் பார்க்க அச்சடித்து வந்த, ஒரு பக்கம் வெறுமையாக இருந்த அந்தத் தாள்களில்தான் நான் பள்ளிக்கூடக் கணக்கெல்லாம் போட்டேன். முன்பக்கம் மாமாவின் நாவல், பச்சை மை. பின்பக்கம் என் வகுத்தல், பெருக்கல். எல்லாவற்றையும் பழைய நீலத் திரைச்சீலையில் மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தாள் அம்மா. தூக்கிப் போட மனசு வரவில்லை.

சின்ன முதலாளியின் முகம் மாறியது. "ஒரு நிமிஷம், அவசரமா ஒரு போன்," என்று வெளியே போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். மாமாவின் தாள்கட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"அதை எதுக்கும்மா எடுக்கிற? இன்னுமா திருத்தப் போற?"

"வா, அண்ணன் வீட்டுக்குப் போகலாம்," என்றாள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மனசுக்குள் மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

*

மாமா படிக்கும் அறையில் இருந்தார். மடியில் பூனை. நன்றி வாங்கிய அதே பூனை.

"வா பாப்பா," என்றார். அறுபது வயசிலும் அம்மா அவருக்குப் பாப்பாதான். "நானே போன் பண்ணணும்னு நினைச்சேன்."

மாமாவுக்கு இரண்டு காதும் மந்தம். நான் காதுக் கருவி பொருத்தும் கடையில் வேலை செய்கிறேன். அவருடைய கருவியை அளவெடுத்து வைத்ததும் நான்தான். கேட்க வேண்டும் என்று அவர் நினைப்பது மட்டும் நன்றாகக் கேட்கும்.

அம்மா கைப்பையிலிருந்து தன் நாவலையும் அந்தக் குறிப்பையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். பச்சை வட்டம் போட்ட ‘ற’ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மறுக்கவில்லை, அதையாவது சொல்ல வேண்டும்.

"உன் நல்லதுக்குத்தான் எழுதினேன் பாப்பா. இது வெளிய வந்தா ஊர் சிரிக்கும். அண்ணனைப் பார்த்து எழுதிட்டான்னு சொல்லும்."

"உன்னைப் பார்த்தா?"

"பின்ன? மூணாவது அத்தியாயத்துல ஒரு மழை வருதே, அது என்னோட ஏழாவது நாவல்ல வர்ற மழை. வரிகூட மாறல."

"ஏழாவது நாவல்ல நீ மழையே எழுதலையே அண்ணா. ‘அன்று நல்ல வெயில்’னு எழுதியிருந்த. அவன் அழுதுக்கிட்டே தெருவுல நடக்குறான், வெயில் நல்லா இல்லைன்னு மழை பெய்ய வச்சது நான்."

மாமா பூனையின் காதைச் சொறிந்தார். ஜன்னல் வழியாக வாசலை ஒரு தடவை பார்த்தார்.

"நீ பிழை பார்த்த. இல்லைன்னு சொல்லல. அது உன் வேலை. பிழை பார்த்தவங்க எல்லாம் எழுத ஆரம்பிச்சா எழுத்தாளனுக்கு என்ன மரியாதை?"

"மாமா!" என்றேன்.

"நீ பேசாதே. பெரியவங்க பேசுறோம்."

அம்மா குரலை உயர்த்தவில்லை. "‘மனமார’ன்னா மனசு நிறையன்னு அர்த்தம். நீ ‘மனமாற’ன்னு எழுதியிருக்க. மனசு ஆறணும்னு சொல்றியா, மாறணும்னு சொல்றியா? இருபத்துநாலு வருஷமா திருத்துறேன், இன்னைக்குத்தான் கேட்கிறேன்."

"ஒரு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏன் தொங்குற?"

"நான் வேற எதையும் கேட்கல. உன்னோட பன்னிரண்டு புத்தகத்துலயும் என் பேரு வேண்டாம். அதை நான் என்னைக்கோ விட்டுட்டேன். இது ஒண்ணு என் புத்தகம். என் பேர்ல வரணும். அந்தக் குறிப்பைத் திரும்ப வாங்கிக்க. அவ்வளவுதான்."

மாமா மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு காதாக, கருவியைக் கழற்றினார். இரண்டையும் மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு அசதியா இருக்கு பாப்பா. இன்னொரு நாள் பேசுவோம்."

நான் பொருத்திக் கொடுத்த கருவி! என்னென்னவோ கத்தினேன். ஒன்றும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பூனைதான் பயந்து மடியிலிருந்து இறங்கி ஓடியது.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து பதிமூன்றாவது நாவலை எடுத்தாள். பச்சைப் பேனாவைத் திறந்தாள்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படி வா வழிக்கு," என்றார், காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தமான குரலில். "நீ பார்த்தாத்தான் பாப்பா அது புத்தகம் மாதிரி இருக்கும்."

பேனா வரிவரியாக இறங்கியது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். இவளுக்காகவா நான் இவ்வளவு கத்தினேன் என்று அழுகை முட்டியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

அம்மா எதையும் அடிக்கவில்லை. எதையும் மாற்றவில்லை. முதல் பக்கத்தில் பதினான்கு பிழைகள். பதினான்கின் அடியிலும் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, அவளுடைய அழகான கையெழுத்தில்: இருக்கட்டும். இருக்கட்டும். இருக்கட்டும்.

கடைசியாகத் தலைப்புக்கு மேலே எழுதினாள். "ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். இப்படியே அச்சுக்குப் போகட்டும். மனமாரப் பாராட்டுகிறேன்." ‘ர’வின் கீழே ஒரு கோடு இழுத்தாள். அதற்கும் கீழே தன் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். முப்பத்துநான்கு வருஷத்தில் எந்தப் புரூஃபிலும் அவள் பெயர் எழுதியதை நான் பார்த்ததில்லை.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாமா சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தார். பாதிப் பக்கம் வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. "என்ன பாப்பா இது? இப்படியே போனா என் மானம் கப்பலேறிடுமே! பாப்பா, ஏதாவது சொல்லு!"

கருவி மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அம்மா தன் நாவலை மட்டும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

வாசல்படி இறங்கும்போது அம்மாவின் தோள் இத்தனை நேராக இருந்து நான் பார்த்ததில்லை. "பசிக்குதுடி," என்றாள். காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுமே சாப்பிடவில்லை.

மாமாவின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தார், சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். டிக்கியைத் திறந்து, ஒரு பெரிய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக விறுவிறுவென்று உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

நீலத் திரைச்சீலை. ஒரு ஓரத்தில் நான் சின்ன வயசில் மெழுகு பென்சிலால் வரைந்த வாத்து.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா, குடுத்தாச்சு," என்றார் அப்பா, பெரிய காரியம் முடித்த சந்தோஷத்தில். "மச்சான்தான் போன் பண்ணினாரு. ‘பாப்பா இங்க வந்துட்டு இருக்கா, அந்தப் பரண் மூட்டை வேணுமாம், டிரைவரை அனுப்புறேன்’னாரு. ஏணி போட்டு நானே இறக்கிக் குடுத்தேன். தும்மலான தும்மல்! ஏன், உங்கம்மாதானே கேட்டா?"

பதிப்பகத்தில் நான் கத்தியது, சின்ன முதலாளி மாமாவுக்குப் போட்ட அவசரப் போன், மாமா ஜன்னலை ஜன்னலைப் பார்த்தது, எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. எல்லாம் என் வாயால் வந்த வினை. இனி மாமாவின் நாவல்களைத் திருத்தி எழுதியது அம்மாதான் என்பதற்கு, அந்த நடை அவளுடையது என்பதற்கு, வெளியே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"அம்மா... நான்தான்மா... வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம..."

அவள் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். இருக்கட்டும் என்பாள், என் தலையைத் தடவுவாள், பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம்.

அம்மா திரும்பிப் படியேறினாள். அழைப்பு மணியில் விரலை வைத்து அழுத்தினாள்.

"மாமா கருவியைக் கழற்றி வச்சிருக்காரும்மா. மாட்டினாத்தான் மணி கேட்கும்."

"மாட்டட்டும்," என்றாள் அம்மா. விரலை எடுக்கவில்லை.